மறு: ஊர்வசி கதைக்கு எது சரியான முடிவு?

காளிதாசர் நாடகத்தில் தேவலோக அப்சரஸ் ஊர்வசியும் மன்னன் புரூரவஸும் சேர்கிறார்கள், வேதத்தில் பிரிகிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான், காலம்தான் வேறு. பழையது ரிக் வேதம் 10.95 (பத்தாம் மண்டலம், 95-ஆம் சூக்தம்). 18 பாடல்கள், பெரும்பாலும் வாக்குவாதம். அவன் கெஞ்சுகிறான்; அவளோ பெண்களோடு நட்பே கிடையாது, அவர்கள் நெஞ்சு கழுதைப்புலியின் நெஞ்சு என்கிறாள். (அடேயப்பா!)

பிரிந்த காரணம், வேதச் சடங்குகளை விளக்கும் நூலான சதபத பிராமணத்தில் விரிவாக இருக்கிறது. கட்டிலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகளைக் கந்தர்வர்கள் திருட, அவன் ஆடையில்லாமல் துள்ளி எழ, மின்னல் வெட்டுகிறது. அவனை அப்படிப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவள் போட்ட நிபந்தனை. அப்புறம் வேள்வி செய்து அவனும் கந்தர்வனாகிறான்.

காளிதாசர் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு, ஊர்வசி தேவலோகத்தை இழக்கும் சாபத்தை வைத்தார். வடமொழி நாடக மரபில் சோக முடிவு ஆகாதே! அதனால் நாரதர் இறங்கி வந்து, புரூரவஸின் ஆயுள் உள்ளவரை ஊர்வசி அவனோடு சேர்ந்திருக்கலாம் என்ற இந்திரனின் செய்தியைச் சொல்கிறார்.