டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர, இலையுதிர்கால மலையேற்றத்துக்கு எந்த இடம் நல்லது?

தக்காவோ மலை. உயரம் 599 மீட்டர்தான். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் கெய்யோ ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தக்காவோசங்குச்சி நிலையம். பாதைகள் அதன் பக்கத்திலேயே தொடங்குகின்றன. மேப்பிள் நன்றாகச் சிவப்பது நவம்பர் பிற்பாதியில். உச்சியில் முதலில் நிறம் மாறும், அடிவாரத்தில் கடைசியாக.

ஏறுவதற்கு 6ஆம் எண் பாதையைச் சொல்வேன்: ஓடையை ஒட்டி 3.3 கி.மீ., சுமார் ஒன்றரை மணி நேரம். மேல்பகுதியில் ஓடைக்குள்ளேயே கல்லுக்குக் கல் தாவி நடக்க வேண்டும். அடிப்பாகம் தேய்ந்த ஷூ அங்கேதான் காலை வாரும். நெரிசல் நாட்களில் இதை ஏறுவதற்கு மட்டும் ஒருவழியாக்குவார்கள். எனவே யாக்குஓயின் கோயில் வழியாக, தளம் போட்ட 1ஆம் எண் பாதையில் இறங்குங்கள்.

மாலை 4.30க்கே சூரியன் மறைந்துவிடும், உயர்ந்த மரங்களின் நிழலில் இருட்டு இன்னும் முந்தும். மதியம் 2 மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். கேபிள் காரை நம்பினால் வரிசையிலேயே பொழுது போய்விடும்.