கோடை விடுமுறையில் இலவச வகுப்பு: கேள்விகளும் பதில்களும்

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், மே மாதந்தோறும் தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தி வரும் மூத்தவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சென்னையில் வீட்டு வேலை செய்கிறேன், ஐயா. மூன்றாம் வகுப்பு முடித்த மகளைக் கோடை முகாமில் சேர்க்கப் பணமில்லை. இலவசமாக ஏதேனும் உண்டா?

உண்டு, அம்மா. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படிக்கக் கட்டணமில்லை. கோடையில் கதை சொல்லல், ஓவியம் போன்ற நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு என்பதால், ஏப்ரல் இறுதியிலேயே நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் உங்களுக்குப் பயணச்சீட்டு இலவசம். ஆயினும் வேலைக்குப் போகும் உங்களால் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் அங்கே போய்வர முடியாது. மற்ற நாட்களுக்கு வீட்டருகே உள்ள கிளை நூலகமே கைகொடுக்கும்.

கல்லூரி மாணவன் நான். எங்கள் தெருவில் மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரை இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

வகுப்பு வாரியாக உட்கார வைக்காதீர்கள், தம்பி. முதல் நாள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்ற வரிசையில் எதுவரை வாசிக்க வருகிறது என்று பார்த்து, அந்த நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரியுங்கள். 1995இல் மும்பையில் தொடங்கப்பட்ட பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நாட்டின் பல பகுதிகளில் கையாண்டு வரும் முறை இது.

என்னிடம் வந்த சிறுவன் ஒருவன், ஐந்தாம் வகுப்பு முடித்தவன், 'பட்டம்' என்ற சொல்லை ப, ட், ட, ம் எனப் பிழையின்றிப் பிரித்துச் சொன்னான். சேர்த்துச் சொல்லச் சொன்னபோது 'படம்' என்றான். அவனுக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்தியிருந்தால் மே மாதம் முழுவதும் வீணாகியிருக்கும். படம் - பட்டம், பாடு - பாட்டு, எடு - எட்டு என இணை இணையாகத் தரையில் எழுதி, ஒற்று வரும் இடத்தில் கைதட்டி வாசிக்க வைத்தேன். மூன்றாம் வாரத்தில் அவனாகவே கதைப் புத்தகம் கேட்டான்.

விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுவது உண்மைதானா?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், வசதியுள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான கற்றல் இடைவெளி கோடையில்தான் பெரிதும் விரிகிறது என்றனர். பிற்கால ஆய்வுகளில் சில இதை ஏற்கவில்லை. நான் கண்டவரை, வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்குத்தான் ஜூன் மாதம் வாசிப்புத் தடுமாறுகிறது.

இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்களே?

பெற்றோருக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிய பெண் வராவிட்டால், பெரும்பாலும் கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று பொருள். தம்பியையும் தூக்கி வரச் சொல்லுங்கள், வகுப்பு கொஞ்சம் இரைச்சலாகத்தான் இருக்கும். கோடையில் பள்ளிச் சத்துணவும் கிடைப்பதில்லை என்பதால், ஒரு கிண்ணம் சுண்டலைச் செலவுக் கணக்கில் முதலில் எழுதுங்கள். வண்ணக் காகிதமெல்லாம் பிறகு வாங்கலாம்.

முடிவில் சான்றிதழ் கொடுக்கலாமா?

அச்சடிக்கும் காசுக்கு ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுங்கள். எந்தப் புத்தகம் என்பதை அந்தப் பிள்ளையே எடுக்கட்டும்.