பம்பர் கழற்ற முதல் கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: அண்ணை, என்னுடையது 2014 ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா. போன மாதம் கொடிகாமத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் முன்னால் போன லான்ட்மாஸ்ரர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சிக்னல் ஒன்றும் போடாமல் வலப்பக்கம் திரும்ப, பிறேக் அடித்தும் நிற்காமல் அதன் பெட்டியில் போய் முட்டிவிட்டேன். ஒருவருக்கும் காயமில்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, கம்பனிக்கு போன் எடுத்தேன், சேதத்தை மதிப்பிடுகிற அசெசர் ஒரு மணித்தியாலத்தில் வந்து படம் எடுத்து, பம்பரும் ஒரு லைற்றும்தான் என்று சொல்லி, 95,000 ரூபாவுக்கு ஸ்பொட்டிலேயே முடித்துவிடலாம் என்றார். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது, கையெழுத்து வைத்தேன். இப்போது கராஜில் பம்பரைக் கழற்றினால் உள்ளே இரும்பு வளைந்திருக்கிறது, ஏசி கண்டென்சர் லீக், ரேடியேற்றரைப் பிடிக்கிற சட்டமும் நெளிந்துபோய்விட்டது. மூன்று இலட்சம் தாண்டும் என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய ஏலாதா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: முதலில் கராஜுக்கு போன் எடுத்து, இதற்கு மேல் ஒரு நட்டும் கழற்ற வேண்டாம், கழற்றியதை எறியவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

சரி. நீங்கள் எந்தத் தாளில் கையெழுத்து வைத்தீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. விபத்து எப்படி நடந்தது என்று நீங்கள் சொன்னதை எழுதுகிற கிளெயிம் படிவம் என்றால் பயமில்லை, அது எல்லோரும் வைக்கிற கையெழுத்து. ஆனால் இந்தத் தொகையை முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன், இந்த விபத்துக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒரு வசனம் அதில் இருந்தால் நிலைமை கொஞ்சம் இறுக்கம். ஸ்பொட்டில் காசு தருகிற இடத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவது தாள்தான் நீட்டப்படும், அதுவும் வெயிலில், பின்னால் லொறி ஹோன் அடிக்க, பொனற்றின் மேல் வைத்து. யார் வாசிக்கிறார்கள்? பிரதி தந்திருப்பார்கள், தேடுங்கள். தராவிட்டால் கிளையில் போய்க் கேட்டு வாங்குங்கள்.

காசு இன்னும் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்றால் இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். வந்துவிட்டது என்றாலும் எழுதத்தான் வேண்டும். கடிதத்தில் கம்பனியைத் திட்டாதீர்கள், அழவும் வேண்டாம். பொலிசி இலக்கம், கிளெயிம் இலக்கம், திகதி, பம்பர் கழற்ற முதல் இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியக்கூடியதல்ல, இது அதே விபத்தில் வந்தது, வாகனம் இன்ன கராஜில் கழற்றிய நிலையில் நிற்கிறது, மீண்டும் ஒருக்கா பார்வையிட ஆள் அனுப்பவும், அவ்வளவுதான். கூடவே கராஜின் மேலதிக எஸ்ரிமேற். கழற்றியபின் புதிதாகச் சேதம் தெரிவதும் அதற்கு இரண்டாவது எஸ்ரிமேற் போவதும் கம்பனிக்காரருக்குப் புதினமில்லை. அவர்கள் கேட்கப்போவது, இது அந்த இடியில் வந்ததா, பிறகு வேறெங்கும் இடித்ததா என்பதைத்தான். அதனால்தான் கராஜை நிற்பாட்டச் சொன்னேன். திருத்தி முடித்துவிட்டு பில்லை மட்டும் கொண்டுபோனால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

படம் எடுக்கிறபோது ஒரு படத்திலாவது வாகன இலக்கத் தகடும் நெளிந்த சட்டமும் சேர்ந்து விழ வேண்டும். வெறும் இரும்பை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யாருடைய கார் என்று யாருக்குத் தெரியும்? உடைந்த பிளாஸ்ரிக் பிடிகள், வெடித்த கண்டென்சர், எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டு வையுங்கள், அசெசர் வந்து பார்க்கும் வரைக்கும் அதுதான் உங்கள் சாட்சி.

அசெசரைக் கள்ளன் என்று நினைக்கவும் தேவையில்லை. அவர் ரோட்டில் நின்று பார்த்தார், பம்பர் தெரிந்தது, பம்பரை எழுதினார். பிழை எங்கே என்றால் இந்தக் கால பம்பர் ஒரு வளைகிற பிளாஸ்ரிக் தோல். இடிபட்டால் உள்ளே போய்விட்டுத் திரும்ப வெளியே வந்துவிடும், மேலே ஒரு கீறலும் சின்ன வெடிப்பும்தான் மிஞ்சும். அதற்குப் பின்னால் அடியை வாங்குகிற நுரைக்கட்டை, அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம், அதற்கும் பின்னால்தான் கண்டென்சரும் ரேடியேற்றரும் அவற்றைப் பிடிக்கிற சட்டகமும். பொனற் பூட்டும் அந்தச் சட்டகத்தில்தான் இருக்கிறது. ஆகவே விபத்துக்குப் பிறகு பொனற் ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளியும் மற்றப் பக்கம் ஒட்டியபடியும் நின்றால், பம்பர் பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஓடினால் பொனற் ஓட்டத்தில் திறந்து கண்ணாடியில் அடிக்கவும் கூடும்.

உங்களுடையது ஹைபிரிட் என்பதால் இன்னும் இரண்டு விஷயம். பற்றறி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டரைக் குளிர்விக்கத் தனியாக ஒரு தண்ணீர்ச் சுற்று இருக்கிறது, அதில் லீக் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், எஞ்சின் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பவர்கள் உண்டு. உயர் மின்னழுத்தம் ஓடுகிற செம்மஞ்சள் நிற வயர் எங்கேயாவது உரசியிருந்தால் ஹைபிரிட் பழகினவரைத் தவிர வேறு ஒருவரும் கை வைக்கக் கூடாது, அது விளையாட்டில்லை. பெரிய பற்றறி அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே இருப்பதால் உங்கள் விபத்தில் அது தப்பியிருக்கும். பின்னால் இடி வாங்கியவர்கள்தான் அங்கே பார்க்க வேண்டும். எயார்பேக் வெடிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாமல் ஸ்கான் போட்டு அதன் பிழைக் குறியீடுகளை அச்சிட்டு வாங்கி, கடிதத்தோடு இணையுங்கள். வீல் அலைன்மென்ற் அளவும் அப்படியே.

அலைன்மென்றைப் பற்றி எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. நானும் ஒருநாள் இரவு ஆனையிறவு தாண்டி வருகிறபோது மாட்டோடு முட்டினவன்தான். பம்பரில் மயிரும் ஒரு வெடிப்பும், வேறொன்றுமில்லை. மாடு எழும்பிப் போய்விட்டது. ஸ்பொட்டில் தந்த காசை வாங்கிக்கொண்டு பெரிய கெட்டிக்காரன் போல வீட்டுக்கு வந்தேன். மூன்று மாதத்தில் இடப்பக்க முன் ரயர் உள்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிகிறது. சில்லைப் பிடிக்கிற லோவர் ஆர்ம் வளைந்திருந்தது. கம்பனியில் போய்ச் சொன்னேன், இது மாட்டில் வந்ததா பள்ளத்தில் வந்ததா என்று கேட்டார்கள், என்னிடம் ஒரு படமும் இல்லை. முழுக்க என் காசு.

இந்த மறுப்பு உங்களுக்கும் வந்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கவுண்டரில் சொல்கிற "ஏலாது" கணக்கில்லை. முதலில் கம்பனியின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் திருப்தியில்லை என்றால் கொழும்பில் இருக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு (முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் முறைப்பாடு எடுக்கும். உண்மையைச் சொன்னால், முழுமையான இறுதித் தீர்வு என்று எழுதியதில் கையெழுத்து இருந்து, காசும் எடுத்திருந்தால், முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்காமல் விட்டால் 95,000 தான்.

கேள்வி: என்னுடைய வாகனத்தைத் திருத்த நாலு இலட்சம் முடிந்தது. கம்பனி தந்தது இரண்டு இலட்சத்துச் சொச்சம். ஃபுல் இன்சூரன்ஸ் என்றுதானே காசு கட்டினேன்? (சாவகச்சேரி வாசகி)

பதில்: அக்கா, ஃபுல் என்பது நாங்கள் வைத்த பெயர். பொலிசிப் புத்தகத்தில் அப்படி ஒரு சொல் இராது.

கம்பனி தந்த கடிதத்தில் மூன்று கழிவுகளில் எது என்று பாருங்கள். ஒன்று எக்சஸ், ஒவ்வொரு கிளெயிமிலும் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை. இரண்டாவது, வாகனத்தின் வயதுக்கு ஏற்பப் புதுச் சாமானின் விலையில் வெட்டுவது. பொதுவாகச் சாமானுக்குத்தான் வெட்டு, கூலிக்கு இல்லை, கூலியிலும் வெட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூன்றாவதுதான் ஆளை விழுத்துவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள், இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. நாங்கள் பிரீமியம் கூடிவிடும் என்று பழைய பெறுமதியையே வருடா வருடம் புதுப்பித்தோம். இப்போது சந்தையில் 60 இலட்சம் போகிற காரை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பல பொலிசிகளில் உள்ள சராசரி விதிப்படி முக்கால் பங்குதான் தருவார்கள். உங்கள் நாலு இலட்சம் அந்த இடத்திலேயே மூன்றாகிவிடும், எக்சஸும் வயதுக் கழிவும் அதற்கு மேல். ஒவ்வொரு கழிவையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தைப் பெறுமதி என்று அவர்கள் எடுத்த தொகை கூடுதல் என்று நினைத்தால், அதே வருடத்து அதே மொடல் என்ன விலை போகிறது என்று நாலைந்து விற்பனை விளம்பரங்களை வெட்டி இணைத்து எதிர்த்துக் கேளுங்கள்.

பழைய சாமான் போடச் சொல்லிக் கம்பனி கேட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். கதவு, பொனற், லைற் என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து இரவு பஸ்ஸில் வருகிற பழைய சாமான் சில நேரம் புதுசாக வருகிற மலிவுச் சாமானைவிட நன்றாகப் பொருந்தும், அதில் எனக்கு மறுப்பில்லை. சீற் பெல்ற், எயார்பேக், ஸ்ரியரிங், சில்லைப் பிடிக்கிற ஆர்ம்கள் என்றால் பழசு வேண்டாம். புதுசுக்கு பில் போட்டுவிட்டுப் பழசைப் பூட்டினால் அது கராஜின் கோளாறு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பின்னால் வந்து இடித்தவர் ரோட்டிலேயே 20,000 தருகிறேன், பொலிஸ் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா? (மானிப்பாய் வாசகர்)

பதில்: டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, மேலதிகச் சில்லு இருக்கிற குழியின் தகரம் மடிந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? பார்க்காமல் வாங்க வேண்டாம். அங்கே மடிந்திருந்தால் 20,000 பெயின்ற்றுக்கும் காணாது. அவருடைய வாகன இலக்கம், சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றையும் படம் எடுத்து, உங்கள் கம்பனிக்கு ரோட்டில் நின்றபடியே போன் எடுங்கள்.

கேள்வி: பழைய சுசுக்கி வகன்ஆர் கார் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். விபத்தே இல்லை, ஜப்பான் ஏலத் தாளில் நல்ல கிறேட் என்று காட்டுகிறார்கள். நம்பலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தாள் உண்மையாகவே இருக்கலாம் தம்பி. ஆனால் அது ஜப்பானில் நடந்ததைத்தான் சொல்லும், ஏ9 இல் நடந்ததைச் சொல்லாது.

காலை வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள், மழையிலும் பின்னேர இருட்டிலும் பெயின்ற் பொய் சொல்லும். பொனற்றைப் பிடிக்கிற போல்ற்றுகளில் பெயின்ற் வெடித்து ஸ்பானர் பட்ட தடயம் இருந்தால் பொனற் கழன்றிருக்கிறது. ஒரு ஹெட் லைற் மஞ்சளாகவும் மற்றது கண்ணாடி மாதிரியும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரேடியேற்றருக்கு மேலே ஓடுகிற சட்டகத்தில் கம்பனி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்டம் வட்டமாக இருக்கும், கராஜில் ஒட்டியது கட்டி கட்டியாக இருக்கும். உப்புக் காற்று வருகிற ஊர் என்பதால் அப்படி ஒட்டிய இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும், பெயின்ற் அடித்தாலும் ஓரத்தில் கொப்பளித்துக் காட்டும். டிக்கி விரிப்புக்குக் கீழே ஈரமணம் வந்தால் பின்பக்கம் தகரம் மாற்றியிருக்கலாம்.

திறப்பைப் போட்டதும் எயார்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரிந்தபடியே நின்றால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால்தான் ஆபத்து, வெடித்த எயார்பேக்கை மாற்றாமல் விளக்கைக் கழற்றி விட்டிருக்கலாம். சீற் பெல்ற்றை முழுதாக இழுத்து அடியில் தைத்திருக்கிற துணிச்சீட்டில் உள்ள வருடத்தைக் காரின் வருடத்தோடு ஒப்பிடுங்கள். விற்கிறவர் இதெல்லாம் எதற்கு என்று அவசரப்படுத்தினால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இல்லை, பாருங்கோ என்று விட்டால், அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கடைசியாகக் காப்புறுதி புதுப்பித்தபோது வந்த கடிதம். கிளெயிம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தருகிற கழிவான நோ கிளெயிம் போனஸ் போன வருடத்தைவிடக் குறைந்திருந்தால் இடையில் ஒரு கிளெயிம் நடந்திருக்கிறது.