மாடிக்கு வராத வேகம்: ரூட்டர் வாங்கும் முன் ஒரு வயர் சோதனை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டு ஓனர். ஃபைபர் இணைப்பு அவர் பெயரில், 100 எம்பிபிஎஸ் திட்டம். மாதக் கட்டணத்தை ஆளுக்குப் பாதி கொடுக்கிறோம். பகலில் ஓரளவு ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது. கீழ் வீடு பழைய கருங்கல் கட்டடம். மாடிப்படியில், வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் மாட்டினோம். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, வேகம்தான் இல்லை. புது ரூட்டர் வாங்கச் சொல்கிறார் லைன் பார்க்க வந்த தம்பி. நீங்கள்தான் நிறைய இழுக்கிறீர்கள் என்கிறார் ஓனர். என்ன செய்வது?

பதில்: ரூட்டருக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும், அம்மா. வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் வீண் செலவுதான்.

பிரச்சினை வரும் அதே நேரத்தில், ராத்திரி எட்டு மணிக்கு, ஒரு லேப்டாப்பைக் கீழே இருக்கும் ரூட்டரில் நெட்வொர்க் வயரால் நேராகச் செருகுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு வீட்டிலும் மற்றவர்கள் ஐந்து நிமிடம் இணையத்தைத் தொட வேண்டாம். ஓனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேகச் சோதனைத் தளத்தில் வேகம் பாருங்கள். 90 எம்பிபிஎஸ்-ஐ ஒட்டி வந்தால் லைனில் குறை இல்லை. 20, 30 என்று வந்தால் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்தான் நெரிசல். எந்த ரூட்டரும் அதைச் சரிசெய்யாது. யார் அதிகம் இழுக்கிறார்கள் என்ற மனத்தாங்கலும் அங்கேயே தெளிந்துவிடும். ஒரு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் அளவு போதும். இரண்டு குடும்பம் சாதாரணமாகப் பார்த்தால் 100 தாராளம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சுவர் மேல்தான் சந்தேகம். நம் பக்கத்துக் கருங்கல் சுவரின் கனம் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கான்கிரீட் தளம். வைஃபையின் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றைத் தாண்டுவது கஷ்டம், அதனால் மாடியில் ஃபோன் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இறங்கிவிடும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 என்று மூன்றுதான். சாயங்காலம் அக்கம்பக்கத்து வீடுகளும் அதே மூன்றில் வந்து நெருக்குகின்றன. பகலில் ஓடி ராத்திரி திணறுவதற்கு இது போதுமான காரணம்.

ரிப்பீட்டரில் சிக்னல் கோடு முழுசாகத் தெரிவது, ரிப்பீட்டர் உங்கள் பக்கத்தில் இருப்பதால். கீழிருந்து அதற்கு எவ்வளவு வருகிறது என்பதை அந்தக் கோடு காட்டாது. சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வந்த வேகத்திலும் ஏறக்குறைய பாதி போய்விடும்.

இதற்கு நான் சொல்லும் மருந்து, கீழிருந்து மாடிக்கு கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றே ஒன்று. மாடி முனையில் பழைய ரூட்டர் ஒன்று போதும். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது வயரில் வருவதை வைஃபையாகத் தருவது மட்டும் அதன் வேலையாக, மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதில் டிஹெச்சிபி-யை (ஃபோன், லேப்டாப்புக்கு முகவரி ஒதுக்கும் வேலை) நிறுத்தி, ரூட்டரின் முகவரியை 192.168.1.2 போலக் கீழ் ரூட்டரோடு மோதாததாக மாற்றி, LAN (லேன்) என்று எழுதிய துளையிலிருந்து அதே மாதிரித் துளைக்குச் செருகுங்கள். கேபிள் வாங்கும்போது கண் வேண்டும். மலிவாகத் தருவது பெரும்பாலும் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். கடையிலேயே ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம். வெளிச்சுவரில் போவதென்றால் வெயில் தாங்கும் வெளிப்புற உறை உள்ளதாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ஃபைபர் பெட்டியில் LOS (லாஸ்) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியே லைனில் கோளாறு. அப்போது ரீசெட் துளையில் ஊசி விட்டு அழுத்தாதீர்கள். நிறுவனம் போட்ட அமைப்பு அழிந்து, லைன் சரியான பிறகும் இணைப்பு வராமல் போகலாம்.

முடிந்தால் தனி இணைப்பே எடுங்கள் என்பேன். இப்போது புகார் சொல்லக்கூட ஓனரின் பதிவு எண் வேண்டியிருக்கிறது. அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் விசாரணை முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். இணைப்பை வேறு குடும்பத்தோடு பகிரக் கூடாது என்று பல திட்டங்களின் நிபந்தனையிலேயே இருக்கும். அதையும் படித்துப் பாருங்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் இருக்கிறேன். நெட் அடிக்கடி போகிறது. ஃபோன் செய்தால் “பாக்குறோம் சார்” என்பதோடு சரி. டிராய்க்கு (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) எழுதலாமா?

பதில்: தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. லைன்மேனிடம் வாயால் சொன்னது புகாராகாது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பையும் சேவை என்றே சொல்கிறது, ஆகவே தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ரசீதுகளையும், நெட் போன தேதி, நேரம் எழுதிய தாளையும் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்.