‘ஒரிஜினல்’ என்று விற்ற நாற்காலி நகலாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் புது பிடிஓ (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிவந்தபோது, ஊபி பக்கம் ஒரு ஃபர்னிச்சர் கடையில் ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலியும் கூடவே வரும் கால் ஸ்டூலும் 3,200 வெள்ளிக்கு வாங்கினோம். “ஒரிஜினல் ஹெர்மன் மில்லர், ஷோரூம் கிளியரன்ஸ், அதனால்தான் இந்த விலை” என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதினார், ஹெர்மன் மில்லர்தான் இந்த நாற்காலியை அதிகாரபூர்வமாகச் செய்யும் நிறுவனம். முன்பணம் 1,000 வெள்ளி பேநவ் வங்கிப் பரிமாற்றம், மீதி கிரெடிட் கார்டு. ரசீதில் ‘லவுஞ்ச் சேர், ஸ்டூல்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஐந்தாவது மாதம் முதுகுப் பலகை பசை விட்டு ஆட ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த கொழுந்தனார் ஒரு பார்வை பார்த்துவிட்டு இது நகல் என்றார். அடியில் ஹெர்மன் மில்லர் பெயர் போட்ட ஒரு வட்டத் தகடு ஒட்டியிருக்கிறது, அதுவும் போலிதானாம். கடையில் கேட்டால், “விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், இந்த விலைக்கு ஒரிஜினல் வராது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்” என்கிறார்கள். போலிப் பொருள் வைத்திருப்பதற்கு எங்கள் மேல் வழக்கு வருமா? பணம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் விற்றுவிடலாமா? இதற்கு நடுவில் என் கணவர், சாப்பாட்டு மேசைக்கு விஷ்போன் நாற்காலி நகல் ஆறு, சீன இணையக் கடையான தாவ்பாவில் வாங்கப் போகிறேன் என்று நிற்கிறார்.

பதில்: வழக்குப் பயம் வேண்டாம், வீட்டில் உட்காருவதற்கு வைத்திருக்கும் ஒரு நாற்காலிக்காக உங்கள் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். வணிகக்குறிச் சட்டம் குறிவைப்பது போலிப் பெயர் ஒட்டிய பொருளை விற்பவரை, வியாபாரத்துக்காக இறக்குமதி செய்பவரை, வியாபாரத்துக்காகக் கையில் வைத்திருப்பவரை. அவர்களுக்கு ஒரு பொருளுக்கு 10,000 வெள்ளி வரை, மொத்தத்தில் 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விழலாம். நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்வி உங்களை அந்தப் பட்டியலுக்குள் கொண்டுபோய் விடக்கூடியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பலரும் நினைப்பதுபோல் நகல் நாற்காலி என்றாலே சட்டவிரோதம் என்பது இங்கே கிடையாது. உங்கள் நாற்காலியைச் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்து 1956ல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் பதிவுசெய்த வடிவமைப்புக்கு அதிகபட்சம் 15 ஆண்டுதான் பாதுகாப்பு, அதுவும் பதிவு செய்யும்போது வடிவம் புதிதாக இருந்திருக்க வேண்டும். சரி, காப்புரிமை (காப்பிரைட்)? ஓவியம், வரைபடம் போன்ற கலைப் படைப்புக்கு ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை அது உண்டுதான், ஆனால் ஒரு வடிவத்தை வைத்து 50க்கு மேல் பொருள்கள் செய்து விற்றுவிட்டால் அது தொழிற்சாலைப் பொருள் என்ற கணக்கில் போய்விடும், பிறகு அதே வடிவில் இன்னொருவர் பொருள் செய்வதைப் பொதுவாகக் காப்புரிமையை வைத்துத் தடுக்க முடியாது. பிரிட்டனில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு விதி இருந்தது, 2016 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் அங்கே நகல் ஃபர்னிச்சர் கடைகளுக்குப் பெரிய சிக்கல் வந்தது. இணையத்தில் ‘ரெப்ளிகா வாங்குவது குற்றம்’ என்று படித்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க் கதையைப் படித்தவர்கள்.

ஆக, அந்தக் கடைக்காரர் இதே நாற்காலியை ‘ஈம்ஸ் பாணி நகல்’ என்று எழுதிப்போட்டு விற்றிருந்தால், எனக்கு எழுத உங்களிடம் ஆடுகிற பலகையைத் தவிர வேறு விஷயமே இருந்திருக்காது. அவர் மாட்டிக்கொண்டது ‘ஒரிஜினல் ஹெர்மன் மில்லர்’ என்ற வார்த்தையிலும் அந்தத் தகட்டிலும்தான். உங்கள் வழக்கு முழுவதும் அந்த வாட்ஸ்அப் வரியில் நிற்கிறது, அதனால் அந்த உரையாடலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தேதி தெரிகிற மாதிரி, இன்றைக்கே எடுத்து வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள். உங்களுக்குச் சாதகமான வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவரும். நீங்களே எங்காவது “நகல்தானே, பரவாயில்லை, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்” என்று எழுதியிருந்தால் என்னிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அப்படி ஒரு வரி இருந்தால் ஏமாற்றப்பட்டேன் என்ற வாதம் அங்கேயே முடிந்தது.

அடுத்து, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுப் படம் எடுங்கள். ஒரிஜினலில் நாற்காலியின் அடித்தாங்கிக்கு ஐந்து கால், ஸ்டூலுக்கு நான்கு. நகல்களில் பல இரண்டுக்கும் நான்கு கால் வைத்துவிடும். ஒரிஜினலின் மரப் பலகைகளின் வெளிப்பக்கத்தில் திருகாணித் தலை எதுவும் தெரியாது. எனக்குப் பிடித்த அடையாளம் இன்னொன்று உண்டு: ஒரிஜினல் பின்னால் சாயவே சாயாது, சாய்வுக் கோணத்தை நிரந்தரமாக வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். உங்களுடையதில் அடியில் ஒரு குமிழைத் திருகினால் சாய்கிறதா? கடையில் அதையே கூடுதல் வசதி என்று சொல்லி விற்றார்களா? அப்படியானால் அவர்கள் வாயாலேயே சாட்சி கொடுத்துவிட்டார்கள். இந்தப் படங்களோடு, இங்கே இருக்கும் அதிகாரபூர்வ விற்பனையாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இது உங்கள் பொருளா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கொழுந்தனார் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் அவருடைய பார்வையைவிட அந்த ஒரு மின்னஞ்சலுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மதிப்பு அதிகம்.

கடைக்காரர் சொல்லும் விலை வாதத்தைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பொய் சொன்னவன் ‘நீ சரிபார்த்திருக்கலாமே’ என்று தப்பிக்க முடியாது என்பது 1881ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் சொன்ன தீர்ப்பு, ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எல்லா மாணவர்களுக்கும் அது பாடம். தவிர, விலை ஏன் குறைவு என்பதற்கு ‘ஷோரூம் கிளியரன்ஸ்’ என்று காரணம் சொன்னதும் அவர்தான். இதே பொருளை 600 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் நானே உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பேன், ஆனால் 3,200 என்பது ஒரு சாதாரண ஆள் கிளியரன்ஸ் என்று நம்பக்கூடிய தொகை. ரசீதில் பிராண்டு பெயர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்தின்படி எழுதிய ஒப்பந்தத்துக்கு வெளியே சொன்னதையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பொருள் எங்கே, யாரால் செய்யப்பட்டது, என்ன தரம் என்று தப்பாகச் சொல்வதை அந்தச் சட்டம் நேரடியாகவே நியாயமற்ற நடைமுறை என்கிறது. அந்தச் சட்டம் தரும் உரிமையை ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டிப் பறிக்கவும் முடியாது.

இப்போது மிக முக்கியமான ஒன்று: அந்த நாற்காலியில் உட்காருவதை இன்றோடு நிறுத்துங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நகல் என்று தெரிந்த பிறகும் கணவர் தினமும் அதில் சாய்ந்து பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அப்புறம் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் உரிமை போய், நட்டஈடு மட்டும்தான் மிஞ்சும். ஐந்து மாதம் ஓடிவிட்டதே என்பதையும் கிளப்புவார்கள், தெரிந்த அன்றே புகார் சொன்னோம் என்பதுதான் அதற்குப் பதில், எனவே கொழுந்தனார் வந்த தேதியையும் கடைக்கு முதலில் எழுதிய தேதியையும் குறித்துவையுங்கள். ஒரு போர்வையைப் போட்டு மூடி ஓரமாக வையுங்கள்.

பலகை பசை விட்டதற்குத் தனி வழி இருக்கிறது, 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலேயே இருந்த குறை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடை. ஆனால் அந்த வழியில் முதலில் பழுதுபார்ப்பது அல்லது மாற்றிக் கொடுப்பது, அதற்குப் பிறகுதான் விலைக்குறைப்பும் பணமும். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் கடைக்காரர் சந்தோஷமாகப் பசை டப்பாவோடு ஆளை அனுப்பிவிடுவார், உங்கள் வீட்டில் நன்றாக ஒட்டிய நகல் ஒன்று நிற்கும். அதனால் ‘சொன்ன பொருளைத் தரவில்லை’ என்பதை முதல் வாதமாகவும் பசையை இரண்டாவதாகவும் வையுங்கள்.

கடைக்கு ஒரு கடிதம், சண்டை வார்த்தை இல்லாமல்: என்ன சொன்னீர்கள், என்ன தந்தீர்கள், 3,200 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள், 14 நாள் அவகாசம். நீங்கள் பேசித் தீர்க்க முயன்றீர்களா என்பதையும் மன்றம் பார்க்கும். பயனீட்டாளர் சங்கத்திடம், அதாவது கேஸ் அமைப்பிடம் போனால் அவர்களும் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், ஆனால் கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரமில்லை. கார்டில் கட்டிய 2,200க்கு வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கடைக்குப் போன பணத்தை வங்கி திரும்ப எடுத்துத் தருவது, கேளுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, நாளைக்கே அழையுங்கள். எதுவும் நடக்கவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், உங்களைப் போன்ற தனிநபர் 5,000 வெள்ளிக்கு உட்பட்டுக் கேட்க 10 வெள்ளிதான் கட்டணம், மனுவை இணையத்திலேயே போடலாம். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு லாபம். மனு போடுமுன் ஒன்று பாருங்கள்: கடைப் பலகையில் இருக்கும் பெயரும் ரசீதில் இருக்கும் நிறுவனப் பெயரும் பல நேரம் ஒன்றாக இருக்காது. அக்ரா என்ற நிறுவனப் பதிவகத்தின் பதிவில் இருக்கும் பெயரின் மேல்தான் மனு போட வேண்டும்.

கரோசல்? அந்தத் தகடு ஒட்டியிருக்கும்வரை கூடவே கூடாது. வாங்கும்போது உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரியும். போலி வணிகக்குறி உள்ள பொருளை விற்பது குற்றம் என்று சட்டம் சொல்லும்போது, கடைக்காரர் விற்றாரா, வீட்டுக்காரர் ஒரு நாற்காலி விற்றாரா என்று பிரித்துச் சொல்லவில்லை. தெரியாமல் விற்றேன் என்ற சமாதானமும் உங்களுக்கு இனி கிடையாது. தகட்டைப் பிய்த்துவிட்டு ‘நகல்’ என்று நேர்மையாக எழுதி விற்கலாம், ஆனால் வழக்கு முடியும்வரை அந்தத் தகடு உங்கள் சாட்சியம், அதைத் தொடாதீர்கள். பிராண்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது உங்கள் விருப்பம், ‘சொல்லிவிடுவேன், பணம் கொடு’ என்று கடையை மிரட்டுவது மட்டும் வேண்டாம், அது வேறு வம்பு.

கணவரின் விஷ்போன் ஆசைக்கு வருவோம். ஹான்ஸ் வெக்னர் 1949ல் வடிவமைத்தது, டென்மார்க்கின் கார்ல் ஹான்சன் அண்ட் சன் 1950லிருந்து செய்கிறார்கள், இருக்கைக்கு மட்டும் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு கையால் பின்னுகிறார்கள். அதன் நகலை வீட்டு உபயோகத்துக்கு வாங்குவதில் சட்டப்படி எனக்குத் தெரிந்து தடையில்லை. பெயரோ முத்திரையோ ஒட்டி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டாம், அப்படி ஒட்டிய சரக்கு எல்லையில் சிக்கினால் வாதாட எதுவும் இருக்காது. கப்பலில் வரும் சரக்குக்கு, விமானத்தில் வருவதற்கு உள்ளது போன்ற 400 வெள்ளி வரையிலான இறக்குமதி வரிச் சலுகை கிடையாது, 9 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருக்கை கிழிந்தால் குவாங்டோங்கில் இருக்கும் விற்பனையாளரை இங்குள்ள மன்றத்துக்கு இழுப்பது நடைமுறையில் நடக்காத காரியம். ஆறும் வந்து சேர்ந்து ஆறும் ஆடினால் அவரே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். இதே நாற்காலிகளை அவர் காப்பிக் கடை வைக்க வாங்குகிறார் என்றால், அதுவும் அண்மைக்கால வடிவமைப்பாளர் ஒருவரின் நகல் என்றால், என் பதில் வேறு: வடிவமைப்புப் பதிவு உயிரோடு இருக்கும்போது தொழிலுக்காக இறக்குமதி செய்வது அத்துமீறல்.

என் அனுபவத்தில் இந்த மாதிரி கடைகள் மனு போட்ட பிறகு, விசாரணைக்கு முன் பாதிப் பணம் தருகிறேன், நாற்காலியை நீயே வைத்துக்கொள் என்று வரும். தகடு இருக்கும்வரை அந்த நாற்காலி உங்களுக்குச் சொத்து இல்லை, சுமைதான், அதனால் 1,600க்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2,800க்கு மேல், நாற்காலியை அவர்களே எடுத்துக்கொண்டு போவதாக இருந்தால் யோசிக்கலாம். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், லாரிக் கூலி யாருடையது. பணம் பேநவ்வில் வந்து விழுந்த பிறகு நாற்காலி லிஃப்ட்டில் இறங்கட்டும், அதற்கு முன்பு வேண்டாம்.