புத்தகப் பெட்டி திரையைத் தாண்டி ஓடினால் குரோமையா திருத்த வேண்டும்?

கேள்வி: தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் விற்கிறோம். கைபேசியில் பார்த்தால் சில புத்தகங்களின் பெட்டி மட்டும் திரையைத் தாண்டி வலப்பக்கம் ஓடிவிடுகிறது. ஆங்கிலத் தலைப்புள்ள புத்தகங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்க்ரோல் செய்தால் பக்கம் திக்கித் திக்கி நகர்கிறது. தளம் செய்துகொடுத்தவர், "ஐந்து பிரவுசரில் பார்த்துவிட்டேன், இது பிரவுசர் எஞ்சினில் உள்ள பிழை, கூகுள்தான் சரிசெய்ய வேண்டும்" என்கிறார். இன்னொருவர், கூகுளில் தனக்கு ஆள் இருக்கிறது, பணம் கட்டினால் பிழையைத் திருத்தவைத்து வேக மதிப்பெண்ணையும் நூற்றுக்கு நூறு ஆக்கித் தருகிறேன் என்கிறார். தளத்தின் அட்மின் பாஸ்வேர்டும் கேட்டார், கொடுத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: பணம் கட்டாதீர்கள். பிரவுசர் எஞ்சினில் வேலை செய்யும் ஆள் என்ற முறையில் சொல்கிறேன். எஞ்சின் என்பது இணையப் பக்கத்தைத் திரையில் அடுக்கிக் காட்டும் நிரல். குரோமுக்குள் இருக்கும் பிளிங்க், சஃபாரிக்குள் இருக்கும் வெப்கிட், ஃபயர்பாக்ஸுக்குள் இருக்கும் கெக்கோ ஆகிய மூன்று எஞ்சின்களின் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. மூன்றுக்கும் பிழைப் பதிவேடு பொதுவில் இருக்கிறது. ஒரு கணக்கு தொடங்கினால் யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம், காசு கிடையாது. எஞ்சினில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் கூகுளில் வேலை செய்பவரே ஆனாலும் அதை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பரிசீலனையும் பெரும்பாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கிறது. "உள்ளே ஆள் இருக்கிறது" என்ற பேச்சு ஆர்டிஓ அலுவலக வாசலில் எடுபடலாம். இங்கே அதற்கு வேலையே இல்லை.

அடுத்து, அந்த ஐந்து பிரவுசர் கதை. குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் என்று பார்த்திருப்பார். ஐந்திலும் ஓடுவது பிளிங்க் ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் புது எட்ஜை வெளியிட்டதிலிருந்து அதுவும் இதே குடும்பம். ஆக அவர் ஒரே பிரவுசரை ஐந்து முறை பார்த்திருக்கிறார். ஐபோனில் இது தலைகீழ். நம் ஊரில் விற்கும் ஐபோனில் குரோம் என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட். எனவே ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும், ஒரு ஐபோனில் சஃபாரியிலும் பாருங்கள், போதும். மூன்றிலும் பெட்டி ஒரே மாதிரி ஓடினால் அது எஞ்சின் பிழையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று தனித்தனிக் குழுக்கள் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அபூர்வம்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: ஆங்கிலத் தலைப்பு ஓடவில்லை, தமிழ்த் தலைப்பு ஓடுகிறது. ஆங்கிலச் சொற்கள் குட்டையானவை, இடைவெளி வந்த இடத்தில் வரி மடங்கிவிடும். நாம் "வாழ்க்கைவரலாற்றுக்குறிப்புகள்" என்று சேர்த்து எழுதுகிறோம். எஞ்சின் தமிழ் வரியை இடைவெளியில்தான் மடக்கும், சொல்லுக்கு நடுவில் தானாக உடைக்காது. உங்கள் பெட்டிகள் ஃப்ளெக்ஸ் என்ற வரிசை முறையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த முறையில் ஒரு பெட்டி, தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது என்பது விதி. விவரம் புரியாவிட்டால் பரவாயில்லை, டெவலப்பரிடம் இதைச் சொல்லுங்கள்: பெட்டிக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம், தலைப்புக்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர் (இடம் போதாவிட்டால் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம்). கிரிட் என்ற கட்ட முறை என்றால் ஒன்-எஃப்ஆர் என்று எழுதிய இடத்தில் மின்மேக்ஸ் போட்டுக் குறைந்த அளவைப் பூஜ்யமாக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பலர் எனிவேர் என்பதற்குப் பதிலாக ஓவர்ஃப்ளோ-ராப்பில் பிரேக்-வேர்ட் என்று எழுதுவார்கள். பெயரைப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது எஞ்சின் அதைக் கண்டுகொள்ளாது. பெட்டி சொல்லின் நீளத்துக்கு விரிந்துவிடும். விரிந்த பெட்டியில் சொல் இடம்பிடித்து உட்கார்ந்துவிடும், அப்புறம் உடைய வேண்டிய தேவையே வராது. "நான் போட்டுவிட்டேன், வேலை செய்யவில்லை, ஆகவே எஞ்சின் பிழை" என்று உங்கள் டெவலப்பர் முடிவுகட்டியது இதனால்தான் என்று நினைக்கிறேன். எனிவேர் சஃபாரிக்கு 15.4 பதிப்பில், 2022-இல்தான் வந்தது. ஐபோன் 6 போன்ற பழைய கருவிகள் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாதவை, அவற்றில் இது செல்லாது. அவற்றுக்கு வேர்ட்-பிரேக் என்ற இன்னொரு பண்பில் பிரேக்-வேர்ட் என்று எழுதினால் அதே பலன் கிடைக்கும். இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தரநிலை ஆவணமே சொல்கிறது, ஆனாலும் எல்லா எஞ்சினும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே பெயரை இரண்டு பண்புகளில் இரண்டு பொருளில் வைத்த புண்ணியவான்கள் நாலு பேருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

அதே வேர்ட்-பிரேக் பண்பில் பிரேக்-ஆல் மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த வரிக்குப் போனால் முழுதாக அடங்கும் சொல்லைக்கூட அது வெட்டும். எனிவேரிலும் ஒரு குறை உண்டு: கண்ட இடத்தில் உடைப்பதால் வரி "க்" என்றோ "ப்" என்றோ தொடங்கிவிடலாம். புள்ளி எழுத்தில் வரியைத் தொடங்குவதில்லை என்பது நம் அச்சு மரபு. எஞ்சினுக்கு அது தெரியாது. ஜப்பானிய மொழியில் வரித் தொடக்கத்தில் வரக்கூடாத எழுத்துகளைக் கவனித்துக்கொள்ள சிஎஸ்எஸ் என்ற பக்க வடிவமைப்பு மொழியில் தனிப் பண்பே இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் நீளமான தலைப்புகளில் சொற்கள் கூடும் இடத்தில் டபிள்யூபிஆர் என்ற குறிச்சொல்லைப் போடச் சொல்லுங்கள்: வாழ்க்கை, வரலாற்றுக், குறிப்புகள் என்று பிரிந்து மடங்கும். திரையில் காட்டும் இடத்தில் மட்டும் போட வேண்டும். தரவுத்தளத்தில் உள்ள தலைப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறியைச் செருகினால் நாளைக்கு வாசகர் அந்தப் புத்தகத்தைத் தேடும்போது கிடைக்காமல் போகலாம்.

சரி, ஒருவேளை உண்மையிலேயே எஞ்சின் பிழையாக இருந்தால்? அப்போது தளத்தின் முகவரியை அனுப்பி "உடைந்திருக்கிறது, பாருங்கள்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வர வேண்டும். நீக்கிய பிறகும் பிழை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பத்துப் பதினைந்து வரியில் பிழை தெரியும்படி சுருக்க வேண்டும். பாதி நேரம் இந்தச் சுருக்கலிலேயே "அட, தவறு நம்முடையதுதான்" என்று தெரிந்துவிடும். முன்பு சரியாக இருந்து ஒரு பதிப்பிலிருந்து கெட்டது என்றால் இன்னும் நல்லது. ஃபயர்பாக்ஸுக்கு மோஸ்ரெக்ரெஷன் என்றொரு இலவசக் கருவி இருக்கிறது. பிழை இல்லாத நாள் ஒன்று, பிழை இருந்த நாள் ஒன்று கொடுத்தால் நடுவிலுள்ள பதிப்பைத் திறந்து காட்டும், நீங்கள் நல்லதா கெட்டதா என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் ஏறக்குறைய பத்துக் கேள்வியில் கெடுத்த மாற்றம் அகப்படும். இப்படி வரும் புகாரைத் திருத்த எனக்கு ஒரு மதியம் போதும். மூன்று எஞ்சின்களுக்கும் பொதுவான சோதனைத் தொகுப்பில் அதற்கென்று ஒரு சோதனையையும் சேர்த்துவிடுவோம், அதே பிழை மறுபடி நுழையாது.

திருத்துவது ஒரு மதியம், வரிசையில் காத்திருப்பது ஆண்டுக்கணக்கு. இதில் எனக்கும் கடுப்புதான். வெப்கிட்டின் நிரலில் குவர்க்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. பெயர்பெற்ற தளங்கள் உடையாமல் இருக்க, அந்தந்தத் தளத்தின் பெயரைச் சொல்லியே எஞ்சின் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் அபவுட்:காம்பாட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதுபோன்ற பட்டியலை நீங்களே பார்க்கலாம். கோடிப் பேர் வரும் தளம் தவறாக எழுதியிருந்தால் எஞ்சின் வளைந்துகொடுக்கும். உங்கள் தளம் சரியாகவே எழுதியிருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். குரோமில் திருத்தம் முடிந்தால் சில வாரங்களில் எல்லோருக்கும் போய்ச் சேரும். சஃபாரியில் ஐஓஎஸ் புதுப்பிப்போடு சேர்ந்துதான் வரும், புதுப்பிப்பு நின்றுபோன ஐபோன்களுக்கு வரவே வராது. ஆகவே புகார் எழுதினாலும் உங்கள் பக்கத்தில் மாற்றுவழி ஒன்று எப்படியும் வேண்டும்.

திக்கித் திக்கி நகர்வதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, அட்டைப் படங்களுக்கு அகலம், உயரம் எழுதாமல் விடுவது. எழுதியிருந்தால் எஞ்சின் படம் வரும் முன்பே இடம் ஒதுக்கிவிடும். எழுதாவிட்டால் படம் வந்து விழும்போதெல்லாம் கீழே உள்ளவை குதிக்கும். இன்னொன்று, விரல் நகரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் சிறு நிரல்) ஒரு பெட்டியின் உயரத்தைக் கேட்டு, ஒன்றை மாற்றி, மறுபடி அடுத்ததன் உயரத்தைக் கேட்பது. மளிகைக் கடையில் ஒவ்வொரு சாமானும் எடுத்துவைத்த உடனே "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்ட வேண்டும் அல்லவா, அந்த நிலைமைதான் எஞ்சினுக்கு. எல்லா உயரத்தையும் முதலில் படித்துவிட்டு, மாற்றங்களைக் கடைசியில் ஒன்றாகச் செய்யச் சொல்லுங்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் பலகையில் சில நொடிகள் பதிவுசெய்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்பதுவரை தெரியும். சந்தேகத்துக்கு இடமே இல்லாத இந்தச் சான்றைப் பார்க்காமல் எஞ்சினைக் குறைசொல்பவர்களோடு நான் பேசுவதில்லை.

நூற்றுக்கு நூறு மதிப்பெண் விற்பவர்கள் செய்வது இன்னும் கெட்டிக்காரத்தனம். அந்த மதிப்பெண்ணைத் தரும் கூகுளின் லைட்ஹவுஸ் சோதனை வழக்கமாகப் பக்கத்தைத் திறந்து அளக்கும், ஆனால் திரையைத் தொடாது. அதனால் யாராவது தொடும்வரை எல்லா ஸ்கிரிப்டையும் நிறுத்திவைக்கும் பிளகின் (தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒன்றைப் போட்டுவிடுவார்கள். மதிப்பெண் எகிறும். வாசகர் தொட்ட கணத்தில் எல்லாம் ஒன்றாக இறங்கி, முன்பைவிட மோசமாகத் திணறும். கூகுள் தேடலில் கணக்கில் வருவது அந்த மதிப்பெண் இல்லை, உண்மையான வாசகர்களின் கருவியில் பதிவான அளவுகள். அவற்றில் ஒன்றான ஐஎன்பி 2024 மார்ச்சில் சேர்ந்தது. தொட்டால் திரை 200 மில்லிநொடிக்குள் பதில் சொல்கிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. அந்தப் பிளகின் கெடுப்பதும் அதையேதான்.

அந்த ஆளிடம் கொடுத்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். அவர் பெயரில் புது அட்மின் கணக்கு எதுவும் உருவாகியிருந்தால் நீக்குங்கள், நீங்கள் போடாத பிளகின் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பெட்டியின் அகலத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.