கூட்டுத் தயாரிப்பா? முதலில் உரிமை யாருக்கு என்று எழுதுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் மூன்று பேர் சேர்ந்து சிறிய அனிமேஷன் நிறுவனம் நடத்துகிறோம். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே ஒளிவழியின் ஆர்டரிலிருந்து வருகிறது. ஓர் ஆண்டு அது குறைந்தால் சம்பளம் கொடுப்பதே சிரமம். ஜொகூர் பாருவில் ஒரு ஸ்டுடியோவும் சென்னையில் ஓர் இசையமைப்பாளரும் எங்களோடு சேர்ந்து சிறுவர் தொடர் செய்யத் தயாராக இருக்கிறார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடுதான். இந்தச் சந்தையை மட்டும் நம்பி ஓர் அனிமேஷன் நிறுவனம் நெடுநாள் நிற்பது கடினம். 2020 ஏப்ரலில் கொவிட் முறியடிப்புத் திட்டம் என்ற முடக்கநிலை தொடங்கியபோது, புதிய ஆர்டரை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வருமானம் அப்படியே நின்றுபோனது. விற்பதற்குச் சொந்தமாக ஏதாவது வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சமாவது மூச்சுவிட இடம் இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: ஜொகூரில் செலவு குறைவு என்பதற்காக மட்டும் கூட்டுச் சேராதீர்கள். அப்படிச் சேர்ந்தால் இன்று ஓர் ஒளிவழியை நம்பியிருக்கிறீர்கள், நாளை ஒரு ஸ்டுடியோவையும் சேர்த்து நம்பியிருப்பீர்கள். தொடர் உங்கள் மூவரின் சொத்தாக இருந்து, இரண்டு மூன்று நாடுகளிலிருந்து வருமானம் வந்தால்தான் ஒரு பக்கம் படுத்தாலும் மறுபக்கம் தாங்கும்.

எல்லோரும் தெரிந்தவர்கள் என்கிறீர்கள். நல்லது, அப்படியென்றால் இப்போதே உட்கார்ந்து எழுதிவிடலாம். மூன்று நாட்டுச் சட்டமும் ஒரே மாதிரி இல்லை. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கும் படம், ஒலிப்பதிவு ஆகியவற்றின் உரிமை, வேறு விதமாக எழுதாவிட்டால், இப்போது உருவாக்கியவருக்கே. முன்பு அது ஆர்டர் கொடுத்தவருக்குப் போனது. ஆனால் "எழுதாவிட்டால்" என்பதைக் கவனியுங்கள். ஒளிவழிகளின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். உங்கள் பழைய ஒப்பந்தங்களை எடுத்து, புதிய தொடரில் வரப்போகும் கதாபாத்திரங்களில் எதையாவது ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். கேரக்டர் வரைந்தவர் உங்கள் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து செய்து கொடுக்கும் ஃப்ரீலான்ஸ் கலைஞராக இருந்தால் அந்த ஓவியத்தின் உரிமை அவரிடம்தான் இருக்கும். நிறுவனத்துக்கு மாற்ற அவருடைய கையெழுத்து வேண்டும்.

சென்னைப் பக்கம் இன்னும் கவனம் தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எந்தெந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். "பாடல்களை உங்களுக்குத் தருகிறேன்" என்று ஒற்றை வரியில் கடிதம் வாங்கி வைத்திருந்தால், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தலைப்புப் பாடல் உங்களுடையது என்று சொல்லவே சிரமம். "உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அதே பிரிவில் இன்னொன்று: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். அனிமேஷன் ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம், ஆகவே அதற்கும் ஒரு வரி சேருங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. அதைப் பட்ஜெட்டிலேயே போட்டுவிடுங்கள். அது நியாயமும்கூட.

ஜொகூர் ஸ்டுடியோவோடு வரும் சிக்கல் பெரும்பாலும் ஃபைலில்தான் இருக்கும். முடிந்த வீடியோ மட்டும் உங்களிடம் வந்து, கேரக்டர் ரிக் (பாத்திரத்தை அசைக்க உதவும் அமைப்பு), பின்னணி, புராஜெக்ட் ஃபைல் எல்லாம் அங்கேயே இருந்தால், காகிதத்தில் உரிமை இருந்தும் கையில் ஒன்றும் இல்லை. வாரம் ஒரு முறை எல்லா மூல ஃபைலும் உங்கள் சர்வருக்கு வந்தாக வேண்டும், வந்தால்தான் அடுத்த தவணை என்று எழுதுங்கள். வசனம், இசை, மற்ற ஒலிகள் மூன்றையும் தனித்தனித் தடமாக வாங்குங்கள். அப்போதுதான் பிறகு மலாயிலோ மாண்டரினிலோ டப் செய்ய முடியும். இது சின்ன விஷயமில்லை. 2007இல் மலேசியாவில் தொடங்கிய உப்பின் இப்பின் தொடருக்கு இந்தோனேசியாவில் எவ்வளவு ரசிகர்கள் என்று பாருங்கள். தமிழில் பிறந்த தொடருக்கும் அந்தப் பெரிய சந்தை பக்கத்திலேயே இருக்கிறது.

வருமானத்தை எப்படிப் பிரிப்பது? மலேசியத் தொலைக்காட்சி விற்பனை ஜொகூருக்கு, சிங்கப்பூர் உங்களுக்கு, மற்ற நாடுகள் பொது என்று பலர் தொடங்குகிறார்கள். தொடக்கத்துக்கு அது சரிதான். யூடியூபை மட்டும் மறந்துவிடுகிறார்கள். மலேசிய ஒளிவழி ஒன்று அந்த நாட்டுக்கான பிரத்தியேக உரிமையை வாங்கிக்கொண்டால், யூடியூபில் அந்த நாட்டுக்கு மட்டும் தடுத்து வைக்க வேண்டியிருக்கும், அல்லது விற்பனையே கைவிட்டுப் போகும். யார் எப்போது ஏற்றலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "செலவு போக மிச்சம்" என்று எழுதினால், எந்தெந்தச் செலவு என்பதையும் கீழேயே வரிசையாக எழுதுங்கள். கூட்டாளிகளுக்குள் மனக்கசப்பு வருவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

அப்புறம் வரி. இந்திய நிறுவனம் உங்களுக்கு உரிமத்தொகை (ராயல்டி) அனுப்பும்போது அங்கேயே பிடித்துக்கொள்ளும். 2023 முதல் அதன் பொது விகிதம் 20 விழுக்காடு, மேல்வரி தனி. சிங்கப்பூர்-இந்தியா இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி அது 10 விழுக்காடு. அந்தச் சலுகைக்குச் சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வரி வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி, பணம் அனுப்புவதற்கு முன்பே அந்த இந்திய நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் வெளிநாட்டவருக்கு உரிமத்தொகை கொடுத்தால் பொதுவாக 10 விழுக்காடு பிடித்து, பணம் கொடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது மாதம் 15ஆம் தேதிக்குள் ஆணையத்துக்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தத் தொகை வரிக்கு முன்பா பின்பா என்று சொல்லாமல் விட்டால், பிடித்த தொகை யார் தலையிலாவது விழும்.

மானியத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டுச் சந்தைக்குப் போக என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் உதவி இருக்கிறது. உள்ளூர்ப் பங்கு 30 விழுக்காடாவது இருக்க வேண்டும், செலவைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மலேசியாவின் 30 விழுக்காட்டுத் திரைப்பட ஊக்கத்தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதன் குறைந்தபட்சச் செலவு வரம்பு உங்கள் அளவு நிறுவனத்துக்கு எட்டாது.

தகராறு வந்தால் முதலில் சமரசப் பேச்சு, அதிலும் தீராவிட்டால் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்) என்று எழுதுங்கள். மூன்று நாடுகளும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதால் நடுவர் தீர்ப்பை மற்ற இரண்டு நாடுகளிலும் நடைமுறைப்படுத்த வழி உண்டு. தமிழில் அனிமேஷன் செய்பவர்கள் இங்கே மிகச் சிலர். அவர்களில் ஒரு நிறுவனம்கூட ஒரு வரி எழுதாமல் விட்டதற்காக மூடும் நிலை வரக்கூடாது என்பது என் ஆசை.

உடனே 13 அத்தியாயத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள், ஜொகூர் ஸ்டுடியோ, இசையமைப்பாளர் என மூன்று தரப்பும் சேர்ந்து இரண்டு நிமிட மாதிரி ஒன்று செய்யுங்கள். அதற்கு மட்டும் ஒரு சிறு ஒப்பந்தம், ஒரு பட்ஜெட் போதும். ஃபைல் நேரத்துக்கு வருகிறதா, பணம் எத்தனை நாளில் போய்ச் சேருகிறது, திருத்தம் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். டிசம்பரில் இங்கே நடக்கும் ஆசியத் தொலைக்காட்சிச் சந்தையில் வாங்குபவர்களிடம் காட்டவும் அந்த மாதிரி உதவும். மாதிரிக்கான கணக்கை முழுக்கத் தீர்த்துவிட்டு, அப்புறம் முழுத் தொடருக்கான ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.